மடியில் கனமும் வழியில் பயமும்

"மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்" என்று ஒரு பழமொழி நம் நாட்டில் வழங்கி வருகிறது. செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் நாம் எதைப் படிக்கிறோம், எதைத் தேடுகிறோம், எதன்மேல் எவ்வளவு நேரம் கண்ணை வைத்திருக்கிறோம் என்பதையெல்லாம் பிரவுசர் என்கிற உலாவியின் மூலமாக யார் யாரோ குறித்து வைத்துக்கொள்ளுகிறார்கள் என்று நாம் எடுத்துச் சொன்னால், பட்டம் பெற்றவர் முதல் பாமரர் வரையில் பெரும்பாலோர் இந்தப் பழமொழியையே நமக்குப் பதிலாகச் சொல்லுகிறார்கள். "நான் என்ன கொலை செய்தேனா, கொள்ளையடித்தேனா? பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போகட்டுமே" என்கிறார்கள்.

இந்தப் பழமொழியைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம். இது வழிப்பறிக்காரன் நிற்கின்ற வழியைப் பற்றிய பழமொழி. ஆனால் வழியில் கள்ளன் நிற்பது குற்றம் என்று இது சொல்லவில்லை. வழிப்போக்கன் மடியில் எதையோ வைத்திருப்பதே குற்றம் என்று சொல்லுகிறது. கள்ளனுக்கு இதைவிடச் சாதகமான பழமொழி வேறு கிடைக்குமா? மடியில் இருப்பது ஒரு பிடி வேர்க்கடலையாகவே இருக்கட்டும். அதைத் தடவிப் பார்க்க வழியில் நிற்கிறவனுக்கு என்ன பாத்தியம் இருக்கிறது என்பதுதான் கேள்வியே தவிர, மடியில் என்ன இருக்கிறது என்பதல்ல.

மறைவு என்றாலே திருட்டு என்று நினைக்கிறவர்கள் நாமக்கல்லுக்குப் பக்கத்திலுள்ள புதன்சந்தை மாட்டுச் சந்தைக்கு ஒருதரம் போய்ப் பார்க்கட்டும். மாட்டுத் தரகர்கள் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற வழக்கம் நம் பக்கத்து மாட்டுச் சந்தைகள் அறிந்த வழக்கமே. என்ன விலை கேட்டான், எவ்வளவுக்கு இறங்கினான் என்பது பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. இதில் திருட்டு எங்கேயிருக்கிறது? விற்கிறவனுடைய அவசரமும் வாங்குகிறவனுடைய ஆசையும் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால் அந்த நாலு பேரும் அதைக் கொண்டு லாபம் பார்ப்பார்கள் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியும் அறிந்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த அந்த ஞானம், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துச் செல்போன் வாங்கிப் பையில் வைத்திருக்கிற நமக்குத் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

நிற்க, இந்த வேவு எப்படி நடக்கிறது என்பதைக் கூடியவரை விளங்கச் சொல்லுகிறோம். 1994-ம் வருஷத்தில் நெட்ஸ்கேப் என்கிற அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்த்த லூ மாண்டுலி என்பவர் "குக்கீ" என்கிற ஒன்றை ஏற்பாடு செய்தார். பெயர் என்னவோ தின்கிற பிஸ்கோத்தின் பெயர்தான். காரியத்தில் அது ஒரு சீட்டு. ஒரு கடைக்கு நாம் போனால், கடைக்காரர் நம் பையில் ஓர் எண் எழுதிய சீட்டைப் போட்டு அனுப்புகிறார். மறுபடி நாம் போகும்போது அந்தச் சீட்டைப் பார்த்து, "இவர் நேற்று வந்தவர், இன்னின்ன சாமானை எடுத்து வைத்திருந்தவர்" என்று தெரிந்துகொள்ளுகிறார். இதில் தப்பொன்றுமில்லை. இந்தச் சீட்டு இல்லாவிட்டால் ரயில் டிக்கட் வாங்குகிற இடத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாம் புதிதாக நம் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சூழ்ச்சி அதற்குப் பின்னால் வந்தது. நாம் போன கடைக்காரரல்லாமல், அந்தக் கடைத் திண்ணையில் விளம்பரப் பலகை மாட்டியிருக்கிற மூன்றாவது ஆள் ஒருவன், தானும் ஒரு சீட்டை நம் பையில் போடுகிறான். அதே ஆள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடைத் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கிறான். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி சாமான் விற்கிற கடைத் திண்ணையிலும் உட்கார்ந்திருக்கிறான். டாக்டர் வீட்டுத் திண்ணை, வக்கீல் வீட்டுத் திண்ணை, பத்திரிகை ஆபீஸ் திண்ணை, கடன் கொடுக்கிறவன் திண்ணை எல்லாவற்றிலும் அவனே. எங்கே போனாலும் தன் சீட்டை எடுத்துப் பார்த்து, "இந்த எண்ணுக்காரர் காலையில் மூலவியாதிக்கு மருந்து தேடினார், மத்தியானம் வட்டிக் கடன் விசாரித்தார், இராத்திரி கடவுள் இல்லை என்கிற கட்டுரை படித்தார்" என்று ஒரே பேரேட்டில் எழுதுகிறான். அவன் முகத்தை நாம் ஒருநாளும் பார்த்ததில்லை. நம்மையோ அவன் நம் வீட்டாரைவிட அதிகமாக அறிவான்.

அறிந்து என்ன செய்கிறான் என்றால், விற்கிறான். நாம் ஒரு பக்கத்தைத் திறந்து அது கண்ணுக்குத் தெரிவதற்குள், ஒரு நொடியில் சிறு பாகத்துக்குள், அந்த இடத்தில் யாருடைய விளம்பரத்தைக் காட்டுவது என்று ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. ஏலம் கேட்கிற கம்பெனிகளுக்கு நம்மைப் பற்றிய அடையாளங்கள் அனுப்பப்படுகின்றன. ஏலத்தில் தோற்றவனுக்கும் அவை போய்ச் சேருகின்றன. ஆக, புதன்சந்தைத் துண்டு இங்கேயும் இருக்கிறது. ஆனால் துண்டுக்குள் கைவிட்டுப் பேரம் பேசுகிறவர்கள் அவர்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கப்படுகிற மாடு நாம்.

இதில் எவ்வளவு பணம் புரளுகிறது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்குச் சொல்லுகிறோம். கூகுளுக்குத் தாய்க் கம்பெனியான ஆல்பபெட்டுக்கு 2023-ல் வந்த வருமானம் ஏறக்குறைய 30,700 கோடி டாலர். அதில் விளம்பரத்தினால் வந்தது மாத்திரம் ஏறக்குறைய 23,800 கோடி டாலர். நமக்கு இனாமாக வரைபடம் கொடுக்கிறான், இனாமாகத் தபால் கொடுக்கிறான், இனாமாக உலாவி கொடுக்கிறான் என்று மகிழ்ந்துகொண்டிருக்கிறவர்கள், கோயிலில் இனாமாகப் பிரசாதம் கிடைக்கிறது என்று உண்டியலை மறந்துவிடுகிறவர்களுக்குச் சமானமானவர்களே ஆவார்கள். இப்படிப் பிழைக்கிறவனே நம்மில் பெரும்பாலோர் கையிலிருக்கிற குரோம் என்கிற உலாவியையும் செய்து கொடுக்கிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது ஆள் சீட்டை இரண்டு வருஷத்தில் ஒழித்துவிடுவோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் வாக்குக் கொடுத்தது. பிறகு தவணை மேல் தவணை சொல்லி, 2024 ஜூலையில் அந்த யோசனையையே கைவிட்டது. அதே காலத்தில் ஆப்பிளின் சபாரி 2020 மார்ச்சிலேயே அந்தச் சீட்டுகளை முழுதும் தடுத்துவிட்டது. பயர்பாக்ஸ் 2022-ல், ஒரு கடையில் போட்ட சீட்டை மறுகடையில் படிக்க முடியாதபடி செய்துவிட்டது. செய்ய முடியாத காரியமல்ல. செய்தால் வருமானம் போய்விடும் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தென்படவில்லை.

சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டால் விட்டுவிடுகிறார்களா என்றால் அதுவுமில்லை. நம் செல்போனின் திரை அகலம், எழுத்துருக்கள், மொழி, நேரம், உள்ளேயிருக்கிற சில்லின் ஜாதி முதலிய பத்து இருபது சில்லறைச் சங்கதிகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சேர்க்கை அநேகமாக வேறொருவரிடம் இருப்பதில்லை. இதற்கு "உலாவியின் கைரேகை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் எலக்ட்ரானிக் பிராண்டியர் பவுண்டேஷன் என்கிற சங்கத்தார் 4,70,161 உலாவிகளைச் சோதித்துப் பார்த்ததில், 100-க்கு 83.6 உலாவிகள் மற்ற எதோடும் ஒவ்வாத தனி ரேகை உள்ளவைகளாய் இருந்தன.

கைரேகை என்கிற இந்தச் சொல் சேலம் ஜில்லாக்காரர்களாகிய நமக்குப் புதிதல்ல. 1871-ல் வடநாட்டில் ஆரம்பித்து, 1911-ம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை வாசகர்கள் அறிந்திருக்கலாம். ஒரு ஜாதியையே திருட்டு ஜாதி என்று சர்க்கார் கெஜட்டில் போட்டுவிட்டால், அந்த ஜாதியில் பிறந்தவர்களைப் பதிவுப் புத்தகத்தில் எழுதலாம், எப்போது வேண்டுமானாலும் கைரேகை எடுக்கலாம், குறித்த நேரத்தில் வந்து ஆஜர் கொடுக்கும்படி கட்டளையிடலாம், ஊரை விட்டுப் போனால் எங்கே போகிறான், எப்போது திரும்புவான் என்று சொல்லிவிட்டுப் போகும்படி செய்யலாம். உப்பையும் தானியத்தையும் மாட்டின்மேலும் கழுதையின்மேலும் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுபோய் விற்றுப் பிழைத்த குறவர்களின் பிழைப்பை ரயில் வந்து கெடுத்தது. பிழைப்பையிழந்து அலைந்தவர்களைப் பார்த்து, "நிலையாய் ஓரிடத்தில் இல்லாதவன், ஆகவே திருடன்" என்று சர்க்கார் முடிவு கட்டிற்று. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-லும், தேசம் பூராவும் 1952-லும் ஒழிந்தது. ஆனால் இன்றைக்கும் தமிழ்நாட்டு சர்க்காரின் சீர்மரபினர் ஜாபிதாவை எடுத்துப் பார்த்தால் "சேலம் உப்புக் குறவர்", "சேலம் மேல்நாடு குறவர்" என்று நம் ஊர்ப் பெயரோடு சேர்ந்த பெயர்களே காணப்படுகின்றன.

அந்தச் சட்டத்தின் அக்கிரமம் எங்கே இருந்தது? போலீஸ்காரன் இரவில் வந்து தட்டி எழுப்பினதில் மாத்திரம் இல்லை. ஒரு மனிதனை அவன் செய்ததற்காக அல்லாமல், அவனைப் போன்றவர்கள் என்று எவர்களை வைத்தார்களோ அவர்கள் செய்ததாகச் சொல்லப்பட்டதற்காக எடைபோட்டதில் இருந்தது. இதற்குத்தான் நம் நாட்டில் ஜாதி என்று பெயர். இன்று விளம்பரக் கம்பெனியின் பேரேட்டில் நடப்பதும் இதுவே. "உன்னைப் போன்றவர்கள் இதை வாங்கினார்கள், உன்னைப் போன்றவர்கள் கடனைத் திருப்பிக் கட்டவில்லை" என்பதுதான் அந்தக் கணக்கின் அடிப்படை. மனு எழுதியது நாலு வருணம். இந்தக் கணக்குப் புஸ்தகத்தில் ஆயிரக்கணக்கான வருணங்கள் இருக்கின்றன. எந்த வருணத்தில் நம்மைப் போட்டிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இது மிகைப்படுத்திச் சொல்லுவதல்ல. அமெரிக்காவில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், கறுப்பர் முதலானவர்களுடைய கண்ணில் தங்கள் விளம்பரம் படாதபடி பேஸ்புக்கில் விலக்கி வைக்க முடிகிறது என்று 2016-ல் புரோபப்ளிகா என்கிற பத்திரிகையார் கண்டுபிடித்து எழுதினார்கள். 2019-ல் அந்நாட்டு வீட்டுவசதி இலாகாவே அந்தக் கம்பெனியின்மேல் குற்றம் சாட்டியது. 2022-ல் அமெரிக்க சர்க்காரோடு ராஜி செய்துகொண்டு கம்பெனி தன் முறையை மாற்ற ஒப்புக்கொண்டது. "உங்கள் ஜாதிக்கு இங்கே வீடில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னால் சண்டைக்காவது போகலாம். வீடு இருப்பதே கண்ணில் படாமல் செய்துவிட்டால் யாரோடு சண்டைக்குப் போவது? சேலத்திலும் நாமக்கல்லிலும் ஜாதி கேட்காமல் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களுக்கு இதை நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சிலர், "வெள்ளைக்கார சர்க்காரிடம் துப்பாக்கியும் சிறைச்சாலையும் இருந்தன. வியாபாரி என்ன செய்துவிடுவான், ஒரு புடவை விளம்பரத்தைக் காட்டுவான், அவ்வளவுதானே" என்று சொல்லக்கூடும். பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ விசைத்தறி ஓட்டுகிற தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்ளுவோம். தறி நின்று, கூலி நின்று, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டிய நாளில் அவர் செல்போனில் "அவசரக் கடன்" என்று தட்டுகிறார். அந்த நிமிஷத்தில் அவருடைய கஷ்டம் ஒரு சரக்காகிவிடுகிறது. அடுத்த பத்து நாளைக்கு அவர் எதைத் திறந்தாலும் கடன் ஆப்புகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அவற்றில் ஒன்றை ஏற்றினால், அது அவருடைய செல்போனிலுள்ள உறவினர் நம்பர்களையும் போட்டோக்களையும் அள்ளிக்கொண்டு, தவணை தவறினால் மாமனாருக்கும் மைத்துனனுக்கும் அவமானச் செய்தி அனுப்பும். இந்தக் கொடுமை அதிகமானதனால்தான் 2022 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி, கடன் ஆப்புகள் நம்பர் ஜாபிதாவையும் போட்டோக்களையும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டது. லைசென்சு இல்லாதவன் எந்த உத்தரவைப் படிக்கப் போகிறான்? கடன்பட்ட தறித் தொழிலாளிகளைத் தேடிப் பிடித்துச் சிறுநீரகத்தை விற்கச் செய்த தரகர்களைப் பற்றிய செய்தி 2025-ல் இதே பள்ளிபாளையத்திலிருந்து வந்தது. அந்தத் தரகர்கள் உலாவியைக் கொண்டு தேடினார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஊரில் எவன் முழுகிக்கொண்டிருக்கிறான் என்கிற தகவலுக்கு எப்படிப்பட்ட விலை இருக்கிறது என்பதற்காகவே சொல்லுகிறோம்.

இன்னொரு விஷயம், நம் பக்கத்தில் இதைவிடப் பயங்கரமானது. 2015 ஜூன் மாதத்தில் ஓமலூர்ப் பக்கத்துப் பட்டதாரி வாலிபர் ஒருவர், வேறு ஜாதியைச் சேர்ந்த சிநேகிதியோடு திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தது சில ஜாதி வெறியர் கண்ணில் பட்டது. மறுநாள் அவர் பள்ளிபாளையத்துக்கு அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாய்க் கிடந்தார். 2022-ல் மதுரைக் கோர்ட்டு பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பெயர்களை நாம் எழுத வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு உலாவியும் வேண்டியிருக்கவில்லை, குக்கீயும் வேண்டியிருக்கவில்லை. யார் யாரோடு பேசுகிறார் என்பது தெரிந்ததே ஓர் உயிரைக் கொண்டுபோகப் போதுமானதாய் இருந்தது. "அந்தக் கேஸில் கோயில் கேமராதானே சாட்சி சொல்லிற்று, வேவு நல்லதற்கும் உதவுகிறதே" என்று கேட்பார்கள். வாஸ்தவம். அது ஓரிடத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய நின்ற கேமரா. ஒரு கொலை நடந்த பின் கோர்ட்டு கேட்டு எடுத்துப் பார்த்தது. ஒவ்வொருவர் பையிலும் ஒளிந்திருந்து, குற்றம் ஒன்றும் நடக்காத நாளிலும் எழுதிக்கொண்டே இருந்து, பணம் கொடுத்தவனுக்கெல்லாம் காட்டுகிற கேமரா அல்ல அது.

கல்யாண விஷயத்திலும் இதையே காணலாம். 1954-ம் வருஷத்து ஸ்பெஷல் மேரேஜ் சட்டத்தின்படி ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறவர்களின் பெயரும் விலாசமும் 30 நாள் ஆபீஸ் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஜாதி விட்டு, மதம் விட்டுக் கல்யாணம் செய்துகொள்ளுகிறவர்களுக்கு இது வெட்டரிவாளுக்கு விலாசம் கொடுத்தது போலத்தான். சுயமரியாதைக் கல்யாணத்தைச் செல்லுபடியாக்கித் தமிழ்நாட்டில் 1967-ல் செய்த சட்டத்தில் இந்தப் பலகை கிடையாது. சிநேகிதர் முன்னிலையில் மாலை மாற்றினால் போதும். ஊரறியச் செய்யாத சுயமரியாதைக் கல்யாணம் செல்லாது என்று 2014-ல் சென்னை ஹைக்கோர்ட்டு சொன்ன தீர்ப்பை, 2023 ஆகஸ்டு 28-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது. குடும்பத்தாரின் எதிர்ப்புக்குப் பயப்படுகிறவர்கள் பகிரங்கமாகச் செய்ய வேண்டும் என்றால் அவர்கள் உயிருக்கே ஆபத்து நேரிடலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆனால் அந்தக் கல்யாணத்தைப் பற்றிச் செல்போனில் படித்துத் தெரிந்துகொள்ளுகிற பெண்ணின் தேடல், அதே செல்போனில் அடுத்த நாள் "வக்கீல் மூலம் பதிவுத் திருமணம்" என்று விளம்பரமாய்த் தலைகாட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அண்ணன் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? சுப்ரீம் கோர்ட்டு மூடின கதவை ஒரு விளம்பரம் திறந்துவிடும்.

சித்திரகுப்தன் என்று ஒருவன் உட்கார்ந்து நம் பாவ புண்ணியக் கணக்கை எழுதுகிறான் என்று சித்திரா பவுர்ணமி தோறும் கதை படித்துப் பயமுறுத்தி வந்தார்கள். அப்படி ஒருவன் இல்லை என்று நாம் சொல்லி வந்தோம், இன்னும் சொல்லுகிறோம். இப்போது மனிதனே ஒரு சித்திரகுப்தனைச் செய்து நம் பையில் வைத்துவிட்டான். கதையில் வருகிற சித்திரகுப்தனாவது நாம் செத்த பிறகுதான் ஏட்டைப் புரட்டுவான். எமனைத் தவிர வேறு யாருக்கும் அதை விற்றதாகப் புராணத்திலும் இல்லை. ஆனாலும் இந்தப் புதிய சித்திரகுப்தன் மனிதன் செய்தவன். ஆனபடியால் மனிதனால் கை முறிக்கவும் கூடியவன்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். ஆட்டோ சங்கர் என்கிற கொலைக் கைதி எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதத்தை "நக்கீரன்" வெளியிடுவதைச் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் தடுக்கப் பார்த்தபோது, 1994 அக்டோபர் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. அந்தக் கைதி 1995-ல் தூக்கிலிடப்பட்டது நம் சேலம் மத்திய சிறையில்தான். ஒவ்வொரு பிரஜைக்கும் தன் குடும்பம், கல்யாணம், பிள்ளைப்பேறு, படிப்பு முதலானவைகளில் பிறர் தலையிடாமல் தன்னைத் தானே இருக்கவிடும்படி கேட்க உரிமையுண்டு என்றும், ஆனால் உத்தியோகஸ்தர்கள் தங்கள் உத்தியோகக் காரியங்களுக்கு அந்த மறைவைக் கேட்க முடியாது என்றும் அத்தீர்ப்புச் சொல்லிற்று. எவ்வளவு நியாயமான பாகுபாடு! பிரஜையின் வீட்டுக் கதவு மூடியிருக்க வேண்டும், கச்சேரிக் கதவு திறந்திருக்க வேண்டும். பிறகு 2017 ஆகஸ்டு 24-ல், புட்டசாமி வழக்கில், ஒன்பது ஜட்ஜுகள் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்புச் செய்தார்கள். அந்தரங்கம் என்பது மேல்தட்டார் கவலை, ஏழைக்கு வேண்டியது சோறுதான் என்கிற வாதத்தை அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொள்ளவில்லை. பணக்காரனுக்கு மதிற்சுவர் இருக்கிறது. ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கிறவனுக்குத்தான் சட்டம் சுவராக வேண்டும்.

ஆனால் 2023-ல் பார்லிமெண்டு செய்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பாகுபாட்டைத் தலைகீழாக்கியிருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம். கம்பெனி தப்புச் செய்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாமாம். அந்தப் பணம் சர்க்கார் கஜானாவுக்குப் போகுமே தவிர, நஷ்டப்பட்டவனுக்கு ஒரு காசு வராது. நஷ்டஈடு கேட்க முன்பு தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலிருந்த 43-ஏ பிரிவையும் எடுத்துவிட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அற்பமான புகார் என்று தோன்றினால் புகார் கொடுத்தவனுக்கே 10,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. மத்திய சர்க்கார் தனக்கு வேண்டிய இலாகாக்களுக்குச் சட்டத்திலிருந்தே விலக்குக் கொடுத்துவிடலாம். 2025 நவம்பரில் விதிகள் வெளிவந்தபோது, கம்பெனிகளின் முக்கியமான கடமைகளுக்கு 18 மாதத் தவணை கொடுத்தார்கள். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உத்தியோகஸ்தர்களைப் பற்றிய தகவலை "சொந்த விஷயம்" என்று மறுக்க இடங்கொடுக்கும் திருத்தத்தை மாத்திரம் உடனே அமுலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கச்சேரிக் கதவை இன்றே மூடு, பிரஜையின் கதவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இதற்கு என்ன பெயர்? பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வேவு பார்த்து விளம்பரம் காட்டக்கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு இருப்பதையும் நாம் மறைக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆகாதது பெரியவர்களுக்கு எப்படி ஆகும் என்றுதான் கேட்கிறோம்.

சட்டம் திருந்துகிற வரையில் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்தைத் திறந்ததும் "எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்" என்று ஒரு பெரிய பொத்தான் வருகிறதே, அதை அமுக்குவது வெற்றுப் புரோநோட்டில் கைநாட்டு வைப்பதுதான். ஏற்க ஒரு தட்டும், மறுக்கப் பல தட்டும் வைத்ததற்காக 2022 ஜனவரியில் பிரான்சு தேசத்து அதிகாரிகள் கூகுளுக்கு 15 கோடி யூரோவும், பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டார்கள். ஆகவே சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கிற "மறு" என்பதைத் தேடி அமுக்குங்கள். பயர்பாக்ஸ், பிரேவ் போன்ற உலாவிகள் மூன்றாவது ஆளைத் தாமாகவே பெரும்பாலும் தடுக்கின்றன. பயர்பாக்ஸில் "யுபிளாக் ஆரிஜின்" என்பதைச் சேர்த்துக்கொண்டால் விளம்பரக்காரன் திண்ணைக்கே வர முடியாது. ஆண்டிராய்டு செல்போனிலும் இது முடியும். குரோமை விட முடியாதவர்கள் அதன் செட்டிங்ஸில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கட்டும். செல்போன் செட்டிங்ஸில் "விளம்பர அடையாள எண்" என்று ஒன்று இருக்கிறது. அதை அழித்துவிடலாம். டார்ச்சு லைட் ஆப்புக்கு உங்கள் இருப்பிடம் எதற்கு? கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள்.

அதே சமயத்தில், தாயத்துகளையும் நம்ப வேண்டாம். "இன்காக்னிட்டோ" என்கிற மறைவு ஜன்னல் ஒரு தாயத்து. அது செல்போனை வாங்கிப் பார்க்கிற வீட்டுக்காரரிடமிருந்து ஓரளவு மறைக்குமே தவிர, கம்பெனியிடமிருந்து மறைக்காது. மறைவு ஜன்னலிலும் வேவு பார்த்தார்கள் என்று 2020-ல் அமெரிக்காவில் போட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் 2024-ல் ஒப்புக்கொண்டது. வி.பி.என். என்பது இன்னொரு தாயத்து. போன் கம்பெனிக்குத் தெரிந்ததை அது வி.பி.என். கம்பெனிக்குத் தெரியும்படி மாற்றி வைக்கிறது, அவ்வளவே. அதிலும் இனாமாகக் கிடைக்கிற வி.பி.என்.காரன் எதைத் தின்று உயிர் வாழ்கிறான் என்று யோசிக்க வேண்டும். எல்லாக் கதவையும் அடைத்துவிட முடியும் என்று நாம் சொல்லவில்லை. நூறு பேர் நுழைகிற வாசலில் ஐந்து பேர் நுழையும்படி செய்ய முடியும். இது அரைமணி நேர வேலை.

படிப்பகம் இருக்கிற ஊர்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த அரைமணி நேரத்தைச் செலவிடும்படி தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். ராசிபுரத்திலும் இளம்பிள்ளையிலும் ஆத்தூரிலும் விஷயமறிந்த வாலிபர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு வார்த்தை. கூகுள் வேவு பார்க்கிறது என்று நம்மோடு சேர்ந்து கொதிக்கிற ஆண்களில் எத்தனையோ பேர், வீட்டுக்குப் போனதும் மனைவியின் செல்போனை வாங்கி, யார் பேசினார், எதைப் பார்த்தாய் என்று புரட்டுகிறார்கள். பூட்டுப் போடக்கூடாது, போட்டால் எண்ணைச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். கேட்டால், "மடியில் கனமில்லாவிட்டால் ஏன் பயப்படுகிறாய்" என்று அதே பழமொழியைச் சொல்லுகிறார்கள். ஆகையால் படிப்பகத்துக்குப் பெண்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள் செல்போனை வாங்கி நீங்கள் செட்டிங்ஸ் மாற்றிக் கொடுக்க வேண்டாம். எப்படி மாற்றுவது என்பதைச் சொல்லிவிட்டு, அவர்கள் தாங்களே மாற்றிப் பூட்டும் போட்டுக்கொள்ளுகிற வரையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள்.